எங்கள் சீனியக்கா, பெஞ்சில் இருந்தவனின் அம்மா

மில்லுக்குள் மிஷின்கள் ஓடும்போது பேசினால் காதில் விழாது. கையால்தான் பேசிக்கொள்வோம். மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையைத் தடவிக் காட்டுவோம். சீனியம்மாள் அக்காவுக்கு என்று ஒரு சைகை இருந்தது. கையை எக்கித் தலைக்கு மேலே தூக்கினால் அது சீனியக்கா. அவள் பெற்ற மகன் வேல்முருகன் அவ்வளவு உயரம். அன்று மதிய ஷிப்டில் பக்கத்து மிஷின் பேச்சியம்மாள் வெளியே போய்விட்டு வந்தாள். என்னைப் பார்த்துக் கையை மேலே தூக்கினாள். தூக்கிய கையை அப்படியே கீழே இறக்கி விரித்துக் காட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதது போல மறுபடியும் காட்டச் சொன்னேன். அவள் காட்டவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அக்காவை நெஞ்சு வலி என்று மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தேறி வருகிறாள், சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று காலையில்தான் அவள் மகள் போனில் சொல்லியிருந்தாள்.

ராஜபாளையம் கூடைப்பந்து கிரவுண்டுக்காரர்கள் தங்கள் போட்டி மலரில் அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். வேல்முருகனைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், அவன் அம்மாவோடு வேலை பார்த்தது நீங்கள்தானே என்றார்கள். எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கிரவுண்டுக்கு வருகிற உங்களுக்கு அக்காவை நன்றாகத் தெரியும். எதிர் அணிக்காரன் கூடையில் பந்து போட்டாலும் கைதட்டுகிற அம்மா என்று சொன்னால் உடனே முகம் ஞாபகம் வரும். முதல்முதலில் மகன் ஆடுவதைப் பார்க்க வந்தபோது நான்தான் துணைக்கு வந்தேன். இரண்டு பேருக்கும் ஆட்டம் தெரியாது. பந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் அக்கா கைதட்டினாள். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நம்ம பிள்ளைகளுக்கு எதிரா ஆடுறவன் போட்டதுக்கு ஏன் கைதட்டுறீங்க?"

"உள்ளதான விழுந்துச்சு?" என்றாள் அக்கா.

"உள்ள விழுந்தா நமக்கு நட்டம்மா."

"எம்புட்டு தூரத்துல இருந்து எறிஞ்சான்! அதுக்குமா தட்டக்கூடாது? போங்கண்ணே."

ஆட்டத்தைப் பிறகு நன்றாகவே தெரிந்துகொண்டாள். ஆனாலும் கைதட்டுவதை மாற்றிக்கொள்ளவில்லை.

அக்காவும் நானும் பழகியது மில் கேட்டில். இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து மில் பஸ்ஸில் வருவோம். அப்போது இரண்டு பேரும் பதிலி. பதிலி என்றால் நிரந்தரமாக இருப்பவர்கள் யாராவது வராத நாளில் அவர்கள் மிஷினைப் பார்க்கக் கூப்பிடும் ஆள். சங்கு ஊதும் வரை கேட் ஓரத்துப் புங்கை மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். டைம் ஆபீஸ்காரர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடாதவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒருநாள் அக்கா தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு வாய் வைத்த நேரம் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கையைக் கழுவி வருவதற்குள் அடுத்தவளை உள்ளே அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கேட்டுக்கு வந்தால் சாப்பாட்டைத் தொடமாட்டாள். தலைத்துணியைக் கட்டி, கோட்டு மாட்டி, செருப்பு வாரை இறுக்கி, கூப்பிட்டால் எழுந்துவிடுகிற மாதிரி நுனியில்தான் உட்காருவாள்.

தொடர்ந்து சில நாள் கூப்பிடாமல் போனதில் நான் ஒருதரம் அழுதுவிட்டேன். எனக்கு வேலை தெரியவில்லை என்று நினைக்கிறார்களோ என்றேன்.

"ஏட்டி சுப்பு, கூப்பிடலைன்னா உனக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம் இல்ல. இன்னைக்கு எல்லாரும் சுகமா வேலைக்கு வந்திருக்காவன்னு அர்த்தம். எந்திரி, பஸ்ஸு போயிரும்."

எனக்கு முதலில் வேலை நிரந்தரமானது, அக்காவுக்கு அதற்கு அப்புறம்தான். அந்த வருஷம் காய்ச்சலில் மூட்டெல்லாம் வீங்கிப் படுத்துவிட்டேன். அன்று சாயங்காலமே அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என் மாமியாருக்கு அவளைத் தெரியாது.

"உன் மிஷினை இன்னைக்கு நான்தான் பாத்தேன். கடைசிப் பக்கத்துல இழை ரொம்ப அறுது. மேஸ்திரிகிட்ட சொல்லி சரி பண்ணிட்டேன். நீ வந்து பாக்கும்போது மிஷின் சுத்தமா இருக்கும். உனக்கு இப்ப எப்படி இருக்கு?"

அவள் போன பிறகு மாமியார், "உன் வேலைய வாங்கிக்கிட்டவளே வந்து நலம் விசாரிக்காளா? நல்ல கூத்தாத்தான் இருக்கு" என்றார்.

இது எனக்கு மட்டும் செய்தது இல்லை. யார் மிஷினில் நின்றாலும், அந்த மிஷின்காரியின் வீடு சேத்தூர்ப் பக்கம் இருந்தாலும் சரி, கூமாப்பட்டிப் பக்கம் இருந்தாலும் சரி, போய்ப் பார்த்துவிடுவாள். போக முடியாவிட்டால் யாரிடமாவது கேட்டு அனுப்புவாள். ஏன் இப்படி அலைகிறாய் என்று கேட்டதற்குச் சொன்னாள்: "ஒருத்தி வராததாலதான் நமக்கு இன்னைக்குச் சோறு. அவ ஏன் வரலைன்னு கேக்காம அது தொண்டைல இறங்குமா?"

வேல்முருகன், எங்களுக்கு வேலு, படிப்பைவிட வேகமாக வளர்ந்தான். கடைத் துணி எதுவும் கணுக்காலுக்கு எட்டாது. தெருவில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு, கரண்ட் கம்பம் என்றே கூப்பிட்டார்கள். கிரவுண்டுக்காரர்கள் கண்ணில் பட்டான். விளையாட்டு ஹாஸ்டல், பிறகு வெளியூர் வேலை, பிறகு ஆசிய நாடுகளுக்கு இடையில் நடக்கும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டிக்கு நம் நாட்டு அணியில் பெயர் வந்தது. பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டினார்கள். மில் பஸ்ஸில் அக்கா மிட்டாய் கொடுத்தாள்.

போட்டி அரபு நாட்டில் நடந்தது. காலை ஷிப்ட் முடிந்து பஸ் ஏறுகிற நேரத்துக்கு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். என் செல்போனை அக்கா மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் எட்டிப் பார்ப்போம். முதல் ஆட்டம் முழுவதும் வேலு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும்.

"என்னக்கா, ஏரோப்பிளேன் ஏறிப் போய் உக்காந்துட்டு வரவா போயிருக்கான் உன் மகன்? அத இங்க மந்தையிலயே உக்காந்திருக்கலாமே" என்றாள் பேச்சி. பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். ஆனால் போனில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்று பஸ்ஸில் வரும்போதே வேலு கூப்பிட்டான். பஸ் இரைச்சலில் கேட்காமல் அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மா, என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தாவன்னே தெரியல. ஊருக்கு எந்த மூஞ்சியோட வருவேன்? இந்தப் போட்டி முடிஞ்சதும் பந்தைத் தொடமாட்டேன்."

கேட்டில் எனக்குச் சொன்ன அதே சொல்லை அக்கா அவனுக்கும் சொன்னாள். எல்லாரும் சுகமா வந்திருக்காவன்னு நினைச்சுக்கோ அய்யா என்றாள். அதோடு விடவில்லை.

"சட்டைக்கு மேல ஒண்ணு போட்டிருக்கியே, அதைக் கழத்த எம்புட்டு நேரம் ஆகும்?"

"பட்டன் இருக்கும்மா."

"பட்டனைப் போடாத. கால் வாரை இறுக்கிக் கட்டிக்கோ. சாஞ்சு உக்காராத. நுனியில உக்காரு. கூப்பிடுற சத்தம் காதுல விழுந்த உடனே நிக்கணும், கேட்டியா?"

போனை வைத்ததும் பேச்சி சொன்னாள், "நம்ம ஊர்த் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேந்துக்கோக்கா. அடுத்த ஆட்டத்துல கூப்பிட்டா மலையேறி வாரேன்னு." எங்கள் ஊர் ஓரத்திலும் அந்தப் பெயரில் ஒரு மலையும் பெருமாள் கோவிலும் உண்டு.

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி, என் மகன் உள்ள போகணும்னு நேந்தா, உள்ள இருக்கவன் ஒருத்தன் விழணும்னு நேந்த மாதிரில்ல ஆயிரும்? அதை எப்படிப் பெருமாள்கிட்டப் போய்க் கேப்பேன்?"

மகன் ஆட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இல்லாமல் இல்லை. அந்த வாரம் அவள் சோறே சரியாகத் தின்னவில்லை.

கடைசி ஆட்டம். பஸ் ராஜபாளையத்தை விட்டு வெளியே வந்திருந்தது. நம் அணியில் பஞ்சாப்காரத் தம்பி ஒருவர், எக்கிக் குதித்தவர், இன்னொருத்தன் காலை மிதித்துக் கணுக்கால் மடங்கி விழுந்தார். கோச் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறந்து முடிப்பதற்குள் வேலு எழுந்து நின்றுவிட்டான். மேல்சட்டை கீழே கிடந்தது.

பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். டிரைவர் அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தானும் எழுந்து வந்தார். அக்கா மட்டும் போனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி சுப்பு, அந்தப் பக்கம் காட்டு. அந்தப் பிள்ளைய எங்க தூக்கிட்டுப் போறாவ?"

"அக்கா, அங்க காமிக்கிறதுதான இங்க தெரியும்? நானா திருப்ப முடியும்? வேலு ஆடுறான், அவனைப் பாரு!"

பார்த்தாள். வேலு ஒரு பந்தைத் தவறவிட்டான். இன்னொன்றைக் கூடைக்குள் போட்டான். பாட்டு இல்லாமலேயே பேச்சி சீட்டுக்கு நடுவில் நின்று ஆடினாள். நம் நாடு தோற்றுத்தான் போனது. எங்கள் பஸ்ஸில் அது யாருக்கும் உறைக்கவில்லை.

அக்காவோடு நானும் அவள் வீட்டுக்குப் போனேன். போய்ச் சேர்வதற்குள் வேலு கூப்பிட்டுவிட்டான்.

"அம்மா, பாத்தியா? ஆடினேம்மா!"

"பாத்தேன் அய்யா, பாத்தேன். அந்தத் தம்பிக்குக் கால் எப்படி இருக்கு?"

"எந்தத் தம்பிக்கு?"

"யாரு மிஷின்ல நீ நின்னியோ, அந்தத் தம்பிக்கு."

"ரூம்ல இருக்கான்மா. டாக்டர் பாத்தாரு."

"நீ பாத்தியா?"

"இல்லம்மா, இனிதான்."

"போய்ப் பாத்துட்டு வா. பொறவு பேசுதேன்."

போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அழுதாள். சேலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நல்லாத்தான ஆடினான், சுப்பு? நல்லாத்தான?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நல்லா ஆடினான் அக்கா என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கழித்து வேலு மறுபடி கூப்பிட்டான். பஞ்சாப் தம்பியின் கட்டில் பக்கத்தில் நின்று பேசினான்.

அந்தத் தம்பியின் நம்பரை வேலுவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே கூப்பிடுவாள். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு வேறு எதுவும் தெரியாது. பாஷை புரியாதவரிடம் சத்தமாகப் பேசினால் புரியும் என்று நினைத்து, "தம்பீ, கால்? கால்?" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாள். அந்தப் பக்கம் இருந்து, "கால் ஓகே அம்மா! கால் குட்!" என்று வரும். "கால் சரியாயிட்டாம்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக உலை வைப்பாள்.

அக்காவின் காரியத்துக்கு அந்தத் தம்பி வேலுவோடு வந்திருந்தார். அக்கா வீட்டு நிலைவாசலில் இரண்டு பேரும் குனிந்து நுழைந்தார்கள். படத்துக்கு முன்னால் தலைப்பாகையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து இந்தியில் ஏதோ சொன்னார். வேலு எங்களுக்குச் சொன்னான். ஞாயிறானால் அம்மா போன் பண்ணிவிடுவாராம். "கால், கால்" என்று கேட்பாராம். போன் கால் தெளிவாகக் கேட்கிறதா என்று கேட்கிறார், உங்கள் ஊரில் சிக்னல் கிடைக்காது போல என்று நினைத்து, கால் ஓகே, கால் குட் என்று அவர் சொல்வாராம்.

சொல்லச் சொல்ல வேலுவுக்கே விளங்கியது. சிரித்துவிட்டான். அம்மா போன பிறகு அவன் சிரித்து அப்போதுதான் பார்த்தோம். குனிந்து அந்தத் தம்பியின் முழங்காலைத் தொட்டு, தமிழில் இதுதான் கால் என்று அவர் பாஷையில் சொன்னான்.

அவர் குனிந்து, அன்று மடங்கிய தன் காலைப் பார்த்தார். அந்தக் காலில் ஆபரேஷன் நடந்து, நடக்க முடியாமல் மாதக்கணக்கில் படுத்திருந்தாராம். இனிமேல் ஆட வேண்டாம் என்றுகூட முடிவு செய்திருந்தாராம். அப்போதும் எங்கள் அக்காவிடம் கால் ஓகே, கால் குட் என்றுதான் சொல்லியிருக்கிறார். அவள் கேட்டது அது என்று தெரியாமலே சொல்லியிருக்கிறார்.

பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றினார். தையல் போட்ட தழும்பு நீளமாக இருந்தது. காலை இப்படியும் அப்படியும் மடக்கிப் படத்துக்குக் காட்டினார். "கால் ஓகே, அம்மா" என்றார். பேச்சிதான் முதலில் வாய்விட்டு அழுதாள்.

மறுவாரம் நான் வேலைக்குப் போனேன். அக்காவின் மிஷினில் கேட்டில் இருந்து கூப்பிட்ட ஒரு பதிலி நின்றாள். கூமாப்பட்டிக்காரியாம். வேலை கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. எனக்கு முதலில் நெஞ்சு கொதித்தது. பிறகு, அக்காவும் இந்த முகத்தோடுதானே அன்றைக்கு என் மிஷினில் நின்றிருப்பாள் என்று தோன்றியது.

அக்காவிடம் இருந்து நான் வைத்துக்கொண்டது அவள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி ஒன்றுதான். வராதவர்களுக்கு என்னாச்சு என்ற கேள்வி. இப்போது என் மிஷின் பக்கம் யார் வராவிட்டாலும் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். பேச்சியும் சில நாள் என்னோடு வருகிறாள்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்றே, இடைவேளையில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அந்தக் கூமாப்பட்டிக்காரி தானாகவே என்னிடம் வந்தாள்.

"யக்கா, நான் நிக்கிற மிஷினு யாரோடது? அவியளுக்கு என்னாச்சு?"

அவளை உட்காரச் சொல்லி, முதலில் இருந்து சொன்னேன்.