மீனம்மா கேட்ட வரி

எனக்கு வரி போடுங்கோ என்று சபையைக் கெஞ்சின மனுசியை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? ஏழாம் வாய்க்கால் என்கிற ஊரில் ஒருத்தி இருந்தாள், மீனம்மா என்று. ஊருக்கு அது கன நாள் பகிடியாக இருந்தது.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்த சனத்தோடு, நாலு வயதுப் பிள்ளையாக அவள் கிளிநொச்சிக்கு வந்தாள். இப்போது ஊரில் பெரிய வயல்காரராக இருக்கிற யோகநாதனின் தகப்பன் அவர்களை வயல் வேலைக்கு வைத்துக்கொண்டு, வாய்க்கால் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, கொட்டில் போட்டு இருங்கோ என்றார். அது அவருடைய காணியுமில்லை, அரசாங்கக் காணி. ஆருடையதையோ கொடுத்துத் தான் நல்ல பெயர் எடுக்க அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. மீனம்மா அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டி, போரில் புருசனைப் பறிகொடுத்து, முகாமால் திரும்பி வந்து அதே இடத்தில் தகரம் போட்டாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறினவர்களிடம் காணிப் பெர்மிட் இருந்தது; அதைக் காட்டினவர்களுக்கு வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்தது. இவளிடம் பெர்மிட் இல்லை, ஆனபடியால் வீடும் இல்லை. காணிக் கந்தோரில் ஒருவர்தான் மனமிரங்கி, அந்த இடத்துக்குச் சோலைவரி கட்டின துண்டு ஒன்று உன் பெயரில் இருந்தால் பெர்மிட்டுக்கு எழுதிப் பார்க்கலாம் என்றார். வீடு வளவுக்குப் பிரதேச சபை அறவிடுகிற வரி அது. ஏழாம் வாய்க்காலில் அந்த வரியே இல்லை. மற்றவர்கள் அதற்காகச் சந்தோசப்பட்டார்கள், இவள் ஒருத்தி கவலைப்பட்டாள்.

போன வருசம் சபை கூட்டம் வைத்தது. றோட்டுக்குக் கொங்கிறீற் போட்டு, தண்ணி ஓடக் கானும் கட்டித் தருவோம், ஆனால் இனிச் சோலைவரி கட்டவேண்டும் என்றார்கள். றோட்டு வேண்டும், கான் வேண்டும், வரி மட்டும் வேண்டாம் என்று ஊர் நின்றது. மாரியில் சைக்கிளைத் தோளில் சுமந்து போகிறவர்கள்கூட, சேறு அவ்வளவு மோசமில்லை என்று கூசாமல் கதைத்தார்கள். வயலுக்கு வரி, தண்ணிக்கு வரி, இனி முற்றத்துக்குமோ என்று யோகநாதன் அரை மணித்தியாலம் முழங்கினார்.

பின் வாங்கிலிருந்து மீனம்மா எழும்பி, வரி போடுவது நல்லது என்றாள். மண்டபம் சிரித்தது.

"வரி கட்டுறதுக்குக் காணி வேணும், மீனம்மா," என்றார் யோகநாதன்.

"அந்தக் காணிக்காகத்தான் ஐயா கட்டப்போறன்."

சிரிப்பு நின்றுவிட்டது. கை உயர்த்தச் சொன்னபோது, கடைக்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய்மாரும் அவளோடு சேர்ந்து உயர்த்த, வரி வென்றது.

பிறகு, கான் தண்ணியை எங்கே கொண்டுபோய் விடுவது என்று சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பிரதாபன் படத்தை விரித்துக் கேட்டார். எவருக்கும் தன் காணிக்குள்ளால் கான் போக விருப்பமில்லை. மீனம்மா எட்டிப் படத்தைப் பார்த்தாள். எல்லா வீட்டுக்கும் கட்டமும் இலக்கமும் இருந்தன; அவள் வீடு இருந்த இடம் வெறும் வெள்ளை. கான் அந்தப் பக்கமாகப் போனால் தன் வீட்டையும் படத்தில் கீறத்தானே வேண்டும் என்று அந்தப் பேதை நினைத்தாள்.

"எங்கட வளவுக் கரையால விடுங்கோ தம்பி," என்றாள். "பள்ளமும் அங்காலதான்."

எல்லாரும் அவளை மெச்சினார்கள். மீனம்மாவுக்கு நல்ல மனம் என்று யோகநாதனே சொன்னார். ஏன் சொல்லமாட்டார், அவருடைய காணி தப்பிவிட்டது.

அடுத்த நாள் பிரதாபன் அளக்க வந்தார். அளவு நாடாவின் மற்ற நுனியைப் பிடித்ததும் மீனம்மாதான். வேலி வரைக்கும், கிணற்றடி வரைக்கும், குசினிச் சுவர் வரைக்கும் இழுத்துப் பிடித்துக் கொடுத்தாள். அவர் முழுப்பெயரைக் கேட்க, பிழைத்துவிடக் கூடாதென்று எழுத்து எழுத்தாகச் சொன்னாள். போகும்போது தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தாள்.

தை மாதம் றோட்டு முடிந்தது; கான்தான் மிச்சம். மாசியில் தபால்காரர் வீடு வீடாகச் சோலைவரிக் கடிதம் கொடுத்துக்கொண்டு வந்தார். அவர் போன வழியெல்லாம் சபைக்குத் திட்டு விழுந்தது. மீனம்மாவுக்கும் ஒரு கடிதம். சேலையில் கையைத் துடைத்து வாங்கி, மகள் தர்மிளாவிடம் கொடுத்தாள். மகள் தனக்குள் வாசித்தாள்.

"என்ர பேர் சரியா இருக்கோ?"

"ஓம் அம்மா. பேர் சரியா இருக்கு."

மற்றதையும் வாசிக்கத்தானே வேண்டும். வடிகாலுக்கு ஒதுக்கிய அரச காணியில் அத்துமீறிக் குடியிருக்கும் மீனம்மா, இரண்டு கிழமைக்குள் கொட்டிலைக் கழற்றிக்கொண்டு வெளியேறவேண்டும் என்று இருந்தது. நாற்பத்தைந்து வருசத்துக்கு மேலாக இருந்த இடத்தையும் அவள் பெயரையும் சேர்த்து எழுதி வந்த முதல் கடதாசி அதுதான். மீனம்மா அழவில்லை. கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு படலையடியில் போய் நின்றாள்.

தன்னுடைய கடிதத்தை ஆட்டித் திட்டிக்கொண்டு புது றோட்டால் வந்த யோகநாதன், அவள் கையைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தினார்.

"உனக்கும் போட்டிட்டாங்களோ வரி?"

"இல்லை ஐயா. எனக்கு வரி இல்லை."

"குடுத்து வைச்சனி," என்றார் அவர்.