வலப்பக்கத்துச் சிறுநீரகம்

தங்கச்சியின் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. நாவலப்பிட்டியிலிருந்து கிழமைக்கு இரண்டு தடவை கண்டிக்கு வந்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிறாள். என்னுடையது அவளுக்குப் பொருந்தும் என்றார்கள். கொடுக்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். யாரும் என்னை நெருக்கவில்லை.

என் சிறுநீரகங்கள் தனித்தனியாக எவ்வளவு வேலை செய்கின்றன என்று முதலில் அளக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் பரிசோதனை என்றாலே வெறும் வயிற்றோடு போவது எங்கள் ஆட்களின் பழக்கம். சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் நின்றேன். ஊசி போடும் மிஸ்ஸி தலையில் கை வைத்தார்.

"நெறைய தண்ணி குடிச்சிட்டு வாங்கன்னு சொன்னோமா இல்லையா? காஞ்சுபோன பைப்புல என்னத்த அளக்கிறது?"

சொல்லியிருந்தார்கள். நான்தான் நம்பவில்லை. போத்தல் தண்ணீரை வாங்கி வந்து அவர் முன்னாலேயே குடித்தேன். தங்கச்சி ஒரு நாள் முழுக்கக் குடிக்கக்கூடியது அதைவிடக் குறைவு. மீறினால் கால் வீங்கிவிடும். தாகம் எடுத்தால் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வாள். அது ஞாபகம் வந்த பிறகும் போத்தலைக் காலியாக்கினேன்.

கையில் மருந்தை ஏற்றினார்கள். அதில் மிகக் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்குமாம். சிறுநீரகங்கள் அதை இரத்தத்திலிருந்து பிரித்து வெளியே தள்ளுவதைக் கமரா படம் பிடிக்குமாம். அசையாமல் மல்லாந்து கிடந்தேன். பக்கத்துத் திரையில் இரண்டு அவரை விதைகள் மெல்ல வெளிச்சமாகி வந்தன.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையானவர்.

"ரெண்டும் நல்லாத்தான் வேலை செய்யுது. சுகமா இருக்கிற ஆக்களுக்கும் ரெண்டும் ஒரே அளவா இருக்காது. உங்களுக்கு வலது கொஞ்சம் கூட. அதை உங்களுக்கு விட்டிட்டு இடதை எடுப்பம். குடுக்கிற ஆளுக்குத்தான் நல்லதை விடுறது."

"சரிங்க டொக்டர்."

எனக்கு நெஞ்சு லேசானது. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. வலதை அவளுக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். மறுத்திருப்பார். ஆனாலும் கேட்டிருக்கலாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பெரிய ஆட்கள் முன்னால் வாய் திறக்கமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு என் கூச்சம் எனக்கு வசதியாக இருந்தது.

கண்டி மார்க்கட்டில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். நிறுக்கும்போது நல்ல கரட்டுகளுக்கு நடுவே வாடிய ஒன்றைச் செருகுவது கைப்பழக்கம். தங்கச்சிக்கு மட்டும் அப்படிச் செய்ததில்லை. அவளுக்கென்று பிஞ்சுப் போஞ்சியாகப் பொறுக்கி வைப்பேன்.

அந்தக் கிழமை அவளை பஸ் ஏற்றிவிட குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"எந்தப் பக்கத்தத் தரப் போறீங்கண்ணே?"

"இடது."

"பார்த்துண்ணே. கரட்டு நிறுக்கிற மாதிரி வாடினதத் தள்ளிவிட்டுறாதீங்க."

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

"வலதுதான் கூட வேலை செய்யுதாம். அது எனக்குன்னு சொல்லிட்டாங்க."

அவள் முகத்தை முன் சீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மாத்தித் தரச் சொல்லிக் கேக்கவா?" என்றேன்.

"யாரு, நீங்களா? கண்டக்டர்கிட்ட மிச்சக் காசு கேக்கவே வாய் வராது உங்களுக்கு." பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை ஜன்னல் வழியாக நீட்டினாள். "இந்தாங்க, குடிங்க. ஒன்ன வச்சிக்கிட்டுப் பொழைக்கப் போறீங்க. அத நல்லாப் பாத்துக்கங்க."

பஸ் புறப்படும்வரை அவள் பார்க்க நின்று குடித்தேன்.

அடுத்த கிழமை ஆபரேஷன். நேற்று இரண்டு பேரையும் உட்கார வைத்து டொக்டர் எல்லாவற்றையும் மறுபடி விளக்கினார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேற ஏதும் கேக்கக் கிடக்கோ?"

தங்கச்சி பக்கத்துக் கதிரையில் இருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவள், சுற்றுவதை நிறுத்தினாள்.

"ஒன்னும் இல்லைங்க," என்றேன்.