கைப்பிடி நின்ற திசை

வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு இடைவேளை மணி அடிக்கும். அதற்குள் தொழிற்கல்லூரியின் வாரச் செய்தித்தாள் கேன்டீன் வாசல் மேஜைக்கு வந்துவிட வேண்டும். ஒரே தாள், இரண்டு பக்கம், நூற்றிருபது பிரதி. விஷயம் சேகரிப்பது, எழுதுவது, தட்டச்சு செய்வது, நகலெடுப்பது, மீந்ததை எண்ணி எடுத்து வைப்பது எல்லாமே ஒரே ஆள்தான்: பிளம்பிங் பிரிவில் படிக்கும் இருபத்தாறு வயதுப் பெண். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவள் ரிப்போர்ட்டர் அக்கா. மாஸ்டர்களுக்கு வெறும் ரிப்போர்ட்டர்.

பள்ளிக்கூடம் முடித்ததும் ஆறு வருஷம் ஒரு ஜவுளிக்கடைக் கிடங்கில் வேலை பார்த்தாள். வந்த சட்டைகளில் பொத்தான் சரியாக இருக்கிறதா, தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பது வேலை. கிடங்கின் பின்னால் ஒரு டேப் மூன்று வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பிளம்பர் வந்தார், பதினோரு நிமிஷத்தில் சரிசெய்துவிட்டுப் போனார். அவள் பக்கத்திலேயே நின்று கடிகாரத்தையும் பார்த்தாள், அவர் கையையும் பார்த்தாள். போகும்போது, "எங்கண்ணே படிச்சீங்க?" என்று கேட்டு வைத்துக்கொண்டாள். எட்டு மாதம் கழித்துக் கல்லூரியில் சேர்ந்தாள். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. சலவைக்கடையில் இஸ்திரி போடும் அக்காதான், "வேற பிரிவே இல்லையா?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

செய்தித்தாள் அவள் வருவதற்கு முன்பும் இருந்தது. அப்போது அதில் கல்லூரி முதல்வரின் வாழ்த்தும் விளையாட்டுப் போட்டி முடிவும்தான் வரும், யாரும் எடுக்க மாட்டார்கள். இவள் கைக்கு வந்த பிறகு நடந்தது நடந்தபடி வர ஆரம்பித்தது. முடிதிருத்தும் பிரிவில் எந்த நாற்காலியின் கால் ஆடுகிறது, கார் பழுது பார்க்கும் பிரிவில் யார் வண்டியைக் கழற்றிவிட்டு ஆறு திருகாணியை மிச்சம் வைத்தார்கள், எல்லாம் வரும். சமையல் பிரிவுப் பையன் ஒருத்தன் நாற்பத்திரண்டு பன்னை ஒரே தட்டில் கரியாக்கியதும் வந்தது. அன்றிலிருந்து அவனுக்குக் 'கருகல்' என்று பேர் நிலைத்துவிட்டது. அவன் இவளைப் பார்க்கும்போதெல்லாம், "அக்கா, தண்ணி குடிக்கப் போறேன், எழுதிக்கோங்க" என்பான். இவளும், "எத்தனை டம்ளர்?" என்பாள்.

இனி அந்த வால்வு விஷயம்.

தண்ணீர் வரும் பைப்பில் ஒரு வால்வு இருக்கும், அதற்கு ஒரு நீளக் கைப்பிடி. கைப்பிடி பைப்போடு ஒரே நேராக நின்றால் தண்ணீர் திறந்திருக்கிறது. குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது. எங்கே போனாலும் இதுதான் கணக்கு. ஆனால் கல்லூரிப் பட்டறையில், பைப் மாட்டிப் பழகும் சுவருக்குப் பக்கத்திலிருந்த பெரிய வால்வில் மட்டும் நேர் எதிர். ஆறு வருஷத்துக்கு முன்பு எவனோ பெயின்ட் அடிக்கக் கைப்பிடியைக் கழற்றி, திருப்பி மாட்டும்போது தப்பாக மாட்டிவிட்டான். மறுபடி கழற்றி மாட்ட இரண்டு நிமிஷம் ஆகும். பிளம்பிங் சொல்லித்தரும் இடத்தில் ஆறு வருஷமாக அந்த இரண்டு நிமிஷம் யாருக்கும் கிடைக்கவில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம் மாஸ்டர் முதல் நாளே, "நம்ம வால்வு மட்டும் எதிர்மாறு, பழகிக்கோங்க" என்று சொல்லிவிடுவார். எல்லோரும் பழகிக்கொண்டார்கள். அவளும்தான்.

அந்த வருஷம் பார்வையாளர் நாளன்று குடிநீர் நிறுவனத்திலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்தார். கல்லூரியிலிருந்து ஒரே ஒரு ஆளை வேலைக்கு எடுப்பதாகப் பேச்சு. மாஸ்டர் இரண்டு பேரை நிறுத்தியிருந்தார். ஒன்று இவள். இன்னொன்று, நாற்பது வயதுக்கு மேல் படிக்க வந்த முன்னாள் பஸ் கண்டக்டர். வகுப்பில் இவளுக்கு அடுத்த இடம் அவருக்கு. சோதனை லேசானது: ஒரு டேப்பைக் கழற்றிப் புது டேப் மாட்ட வேண்டும். கண்டக்டருக்கு நடைவழியிலிருந்த கைகழுவும் தொட்டி. அவளுக்குச் சமையல் பிரிவு அடுப்படி. கிடங்கிலிருந்து வெளியே வந்த ஒன்றரை வருஷமும் அவள் காத்திருந்தது இந்த ஒரு வேலைக்குத்தான்.

அடுப்படியில் கூட்டம். பெற்றோர்கள், மாணவர்கள், மேஜை மேல் கருகல் செய்து வைத்த மூன்றடுக்குக் கேக். அவள் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தாள். கைப்பிடி பைப்போடு நேராக நின்றது. மூடியிருக்கிறது என்று அவள் கண் சொன்னது. ஒன்றரை வருஷமாக அந்தக் கண் தினமும் பார்த்துப் பழகியது அதைத்தான். நிமிர்ந்தாள், ஸ்பேனரைப் போட்டாள், மூன்று சுற்று சுற்றினாள். நாலாவது சுற்றில் டேப் கையோடு வந்தது, பின்னாலேயே தண்ணீரும் வந்தது.

மேற்பார்வையாளரின் சட்டை நனைந்தது. இரண்டு பெற்றோர் நனைந்தார்கள். கேக்கின் மேலடுக்கு சரிந்து நடு அடுக்கின் மேல் உட்கார்ந்தது. அவள் குனிந்து கைப்பிடியைக் குறுக்கே திருப்பி நிறுத்த இருபது விநாடி ஆகியிருக்கும். பிறகு ஒன்பது நிமிஷத்தில் புது டேப்பை மாட்டி முடித்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதைப் பார்க்கத்தான் அப்போது யாரும் அங்கே இல்லை.

கருகல் மட்டும் கேக் பக்கத்தில் நின்றிருந்தான். "இதையும் எழுதுவீங்களா அக்கா?" என்று கேட்டான். குரலில் கிண்டல்கூட இல்லை.

"எழுதுவேன்."

"எத்தனை டம்ளர்னு போடுவீங்க?"

மேற்பார்வையாளர் வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுத் துண்டோடு கிளம்பினார். செய்தித்தாள் வருவது வியாழக்கிழமை.

புதன்கிழமை மாஸ்டர் அவளைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். "இந்த வாரம் விளையாட்டுப் போட்டி போட்டுடேன். தண்ணி விஷயம் அடுத்த வாரம் வரட்டும்."

"அந்தத் தம்பி பன்னு கருகினப்போ அடுத்த வாரம் வரைக்கும் பொறுக்கலையே மாஸ்டர்."

"அவனுக்கு வேலை போகல. உனக்குப் போகும். அதுவும் நம்ம வால்வைப் பத்தி எழுதினா என் தலையும் சேர்ந்து உருளும்."

"வால்வை எழுதாம எப்படி எழுதறது? எனக்குக் கண்ணு தெரியலன்னா?"

மாஸ்டர் அந்தக் கைப்பிடியில் ஒட்டியிருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார். "என்னமோ பண்ணு" என்றார்.

சாயங்காலம் வீட்டில் அக்கா துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, அவள் எழுதிய தாளை வாங்கிப் படித்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத்தான் படிப்பாள்.

"வேலை கிடைச்சப்பறம் எழுதினா என்ன?"

"அப்போ அது செய்தி இல்லக்கா. பழங்கதை."

"வேலை கிடைக்கலன்னா?"

"அப்பவும் பழங்கதைதான்."

அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "ரெண்டாவது பத்தியில தேதி விட்டுப்போச்சு" என்றாள். விட்டுத்தான் போயிருந்தது.

வியாழக்கிழமை வந்த செய்தி பதினான்கு வரி. அடுப்படியில் தண்ணீர் பீறிட்டதையும் கேக் போனதையும் சொல்லி, டேப்பைக் கழற்றியது இந்தச் செய்தியை எழுதுகிறவரே என்று போட்டு, பட்டறை வால்வின் கைப்பிடி ஆறு வருஷமாகத் தப்பாக இருப்பதே காரணம் என்று முடித்திருந்தாள். நூற்றிருபது பிரதியும் பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. பதினொன்றே முக்காலுக்கு முதல்வர் பட்டறைக்கு வந்தார். பன்னிரண்டுக்குக் கைப்பிடி சரியாகிவிட்டது. ஆனால் ஆட்களின் கை சரியாகவில்லை. மத்தியான வகுப்பில் மூன்று பேர் நனைந்தார்கள், அதில் மாஸ்டரும் ஒருவர்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் நேரிலேயே வந்தார். மாஸ்டர் அறையில் இரண்டு பேரையும் உட்கார வைத்து, இடம் கண்டக்டருக்கு என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு, "செய்தி எழுதினதாலயா சார்?" என்று கேட்டாள்.

"செய்தி படிச்சேன், நல்லா எழுதறீங்க. ஆனா காரணத்தைத் தப்பா எழுதியிருக்கீங்க."

"கைப்பிடி தப்பாதான் சார் இருந்துச்சு."

"கைப்பிடி எப்படி வேணா இருக்கட்டும்மா. நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போறீங்க, அங்க எவன் எப்படி மாட்டி வச்சிருக்கானோ. கழட்டறதுக்கு முன்னாடி டேப்பைத் திறந்து பாத்தீங்களா, தண்ணி நின்னுச்சான்னு?"

அவள் யோசித்தாள். "இல்ல சார்."

"அவரு பாத்தாரு."

கண்டக்டர் சங்கடமாகச் சிரித்தார். "பழக்கம்தாம்மா. இறங்கறவங்க இறங்கிட்டாங்களான்னு பாக்காம விசில் அடிக்க மாட்டோம். இருபது வருஷம்."

"முதல் நாளே சொல்லிக்குடுத்தேன்" என்றார் மாஸ்டர். அதுவும் உண்மை. முதல் நாள் நோட்டில், வால்வு எதிர்மாறு என்ற வரிக்கு மேல் வரியில் அது இருந்தது. அவள் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான், அடிக்கோடு வேறு போட்டிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை முதல் பக்கத்தில் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், சென்ற வாரம் கைப்பிடியைக் காரணமாகச் சொன்னது தவறு என்றும், தண்ணீர் நின்றதா என்று டேப்பைத் திறந்து பார்க்காததே காரணம் என்றும் நாலு வரி வந்தது. அந்தப் பிரதிகளில் முப்பத்தெட்டு மீந்துவிட்டன. யாராவது நனைந்தால் படிக்கிற கூட்டம் திருத்தத்தைப் படிக்காது.

நாலு மாதம் கழித்துக் குடிநீர் நிறுவனத்தில் இன்னொரு இடம் விழுந்தது. பல கல்லூரிகளிலிருந்து ஒன்பது பேர் போனார்கள். மேற்பார்வையாளர் ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இவள் முறை வந்ததும், மூலையிலிருந்த கைகழுவும் தொட்டியைக் காட்டி, "அந்த டேப்பைக் கழட்டுங்க" என்றார்.

அவள் குனிந்தாள். கைப்பிடியைக் குறுக்கே திருப்பினாள். எழுந்து டேப்பைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. பைப்பில் நின்றது வடியட்டும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். அதன் பிறகும் அதே கனத்தில் வந்துகொண்டிருந்தது.

"சார், இது மூடல."

"மூடாது."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

அவள் அவரைப் பார்த்தாள், சுவரில் மாட்டியிருந்த நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தாள்.

"எழுதிடாதீங்க" என்றார் அவர்.

அவள் டேப்பை மூடினாள். ஸ்பேனரைப் பைக்குள் போட்டாள். "மெயின் வால்வு எங்க இருக்கு?"

"கீழ, மோட்டார் ரூம்ல. உங்களுக்கு முன்னாடி வந்தவங்க யாரும் கேக்கல. ரெண்டு பேரைக் கழட்டவிடாம நானே கையைப் புடிச்சேன்."

"சாவி?"

மேற்பார்வையாளர் மேஜை இழுப்பறையைத் திறக்கப் போய் நிறுத்தினார். "இன்னைக்கு வேணாம். வேலையில சேர்ந்தப்பறம் இந்த வால்வை மாத்துங்க."

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி, காலை ஒன்பது நாற்பதுக்கு மாற்றினாள்.