கனடாவுக்குப் போகாத ரெஜினா அக்கா

நான் படிப்பிக்கும் பாடசாலை விட்டு வந்து போனை எடுத்தபோது ஜெசிந்தா அன்ரியின் குரல்பதிவு வட்சப்பில் இருந்தது. முதலில் என்னைப் பயப்பட வேண்டாம் என்றார். பிறகு இந்தச் சனிக்கிழமை எங்கள் வாசிப்பு அறையின் சாவி தன்னிடம்தான் இருக்கும் என்றார். பிறகு கொட்டாஞ்சேனையில் பெய்த மழையைப் பற்றிச் சொன்னார். அதற்கும் பிறகுதான், "ரெஜினா இண்டைக்குக் காலமை போயிட்டா மகள். நெஞ்சு நோவாம்" என்றார். சரியாகத்தான் கேட்டேனா என்று திரும்பவும் போட்டேன். அப்போதும் சாவியையும் மழையையும் கடந்துதான் அந்த வசனத்துக்கு வர வேண்டியிருந்தது.

நெஞ்சு நோ ரெஜினா அக்காவுக்குப் புதிதல்ல. கொஞ்ச நாளாகவே நெஞ்சில் கையை வைத்துக்கொண்டுதான் அந்தப் படிகளில் ஏறினார். டொக்டரிடம் போங்கள் என்றால், "சனிக்கிழமை முடியட்டும்" என்பார். சனிக்கிழமை முடிந்தால் அடுத்த சனிக்கிழமை. ஐம்பது வயதுகூட ஆகாத, கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் பொறுப்பாக வேலை பார்த்த ஒருவர், ஊசிக்குப் பயந்த பிள்ளைபோல டொக்டருக்கு ஒளித்துத் திரிந்தார். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. இந்த நினைவு மலருக்கு "நல்லதா நாலு வரி" தரும்படி ஜெசிந்தா அன்ரி கேட்டிருக்கிறார். அதனால் கோபத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அவரைச் சந்தித்தது வெள்ளவத்தையில் ஒரு புத்தகக் கடையில். சிறுவர் படப் புத்தகங்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, "இதுகளில ஏன் எல்லாப் பிள்ளையும் பல்லைக் காட்டிக்கொண்டே இருக்குது?" என்று கடைக்காரரை அதட்டிக்கொண்டிருந்தார். பாவம், அந்த மனிதர் பில் போட வந்தவர். "அவர்கள் நல்ல பிள்ளைகள், அதனால்தான்" என்று நான் இடையில் புகுந்து சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல பிள்ளையளுக்குப் பல்லு நோ வாறேல்லையோ?"

நான் ஒரு புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினேன்; அவர் விடவில்லை.

"நீர் சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்கு வாரும். வாசிக்க ஆள் வேணும். சண்டை பிடிக்கவும் ஆள் வேணும்."

அப்படித்தான் மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் ஜெசிந்தா அன்ரியின் அறைக்குப் போனேன். சனிக்கிழமைப் பின்னேரங்களில் அங்கே சின்னப் பிள்ளைகள் பாயில் இருந்துகொண்டு படப் புத்தகம் வாசிக்கக் கேட்பார்கள். பெற்றோராகிய நீங்கள் அவர்களை அனுப்பியது நல்ல பழக்கங்கள் பழகுவதற்காக. நானும் அதற்காகத்தான் போனேன். ரெஜினா அக்கா எதற்காக வந்தார் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

போன புதிதில் ஒரு பெரிய நற்பண்பு மரம் செய்து சுவரில் ஒட்டினேன். பகிர்ந்தால், பொறுமையாக இருந்தால், உதவி செய்தால் ஒரு பச்சை இலை. மரம் வேகமாகத் தழைத்தது. ஒருநாள் கெவின் ஷிஃபாவின் காதில் குசுகுசுப்பது கேட்டது: "நீ எனக்குப் பென்சில் தந்த எண்டு நான் சொல்றன். நான் உனக்குத் தந்தன் எண்டு நீ சொல்லு. ரெண்டு பேருக்கும் இலை." இருவரிடமும் பென்சிலே இல்லை. நான் கொதித்துப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இதுகள் துறைமுகத்தில கள்ளக் கணக்கு எழுதப் பிறந்த பிள்ளையள்" என்றார். யாரையும் கண்டிக்கவில்லை. மரத்தைக் கழற்றச் சொல்லவுமில்லை. அதை ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்து எரிச்சல்படும்படி என்னை விட்டுவிட்டார்.

கடைசிப் பக்கம்தான் எங்களுடைய பெரிய சண்டை. ஒரு புத்தகத்தில் யானைக்குட்டி பக்கத்து வீட்டுப் பானையை உடைத்துவிட்டு, உண்மையைச் சொல்லும். கடைசிப் பக்கத்தில் எல்லா மிருகங்களும் கைதட்டிப் பாராட்டும். அக்கா அந்தப் பக்கத்துக்கு வந்ததும் உள்ளங்கையால் எழுத்தை மூடிக்கொண்டு, "இப்ப ஆருக்குக் கோவம்?" என்று கேட்டார். எந்தப் புத்தகத்துக்கும் அவர் கேட்பது அந்த ஒரே கேள்வி.

"பக்கத்து வீட்டு அன்ரிக்கு" என்றான் கெவின். "அவங்கட பானதானே உடைஞ்சிச்சு. கை தட்டினா பான வருமா?"

அதோடு அறை இரண்டாகப் பிரிந்தது. பானைக் கட்சி, யானைக் கட்சி. கத்தல் கீழே மருந்துக்கடைவரை கேட்டது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் நான் கேட்டேன்: "முடிவைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் என்ன படிப்பினம், அக்கா?"

"பானை உடைஞ்சது உடைஞ்சதுதானே பிள்ளை. அதை முதல்ல ஒத்துக்கொள்ளட்டும்."

"பிறகு?"

"பிறகு நீர் வாசியும், கைதட்டுற பக்கத்தை. எனக்கு அலுப்பாக் கிடக்கு."

அவர் இறந்த பிறகு வந்த சனிக்கிழமை நடந்ததை நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடந்தது இதுதான். நான் படியேறியதும் ஜெசிந்தா அன்ரி என்னை ஓரமாக இழுத்தார். "சின்னதுகள். செத்த கதை வேணாம். கனடா போயிட்டா எண்டு எல்லா அம்மாமாரும் சொல்லியாச்சு. நீரும் அப்பிடியே சொல்லும்." உண்மை பேசப் பழக்கும்படி பிள்ளைகளை எங்களிடம் அனுப்பியவர்கள் எல்லோரும் ஒன்றுகூடி முடிவெடுத்த பொய் அது.

நம் வீடுகளில் யார்தான் வெளிநாடு போகவில்லை? அங்கே போனவர்கள் என்ன செய்வார்கள் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். சொக்லேட் எப்போது வரும் என்று கெவின் கேட்டான். நான் புத்தகத்தை விரித்ததும் ஷிஃபா மெதுவாக வந்து என் முழங்காலைப் பிடித்தாள்.

"ரெஜினா டீச்சர் ஏன் போன்ல கோல் எடுக்கல்ல? என்ட வாப்பா கத்தார்ல இருந்து எடுக்கிறாரே."

"கனடா தூரம்" என்றார் ஜெசிந்தா அன்ரி.

"நான் பூனப் பக்கத்தக் கிழிச்சேன். அதுக்குக் கோவமா?"

அந்த ஆறு வயதுப் பிள்ளை ஒரு கிழமையாக இதைச் சுமந்திருக்கிறாள். அன்ரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் புத்தகத்தை மூடினேன்.

"ரெஜினா அக்கா கனடா போகல்ல. செத்துப் போயிட்டா. நெஞ்சில வருத்தம். நீங்க கிழிச்சதால இல்ல, ஷிஃபா. அந்தப் பக்கத்த அவங்க அன்றைக்கே ஒட்டிட்டாங்க."

பிறகு கெவின் வாசலில் நின்ற தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப ஏன் பொய் சொன்னீங்க?" அவனுடைய அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார்.

ஷிஃபா என் முழங்காலை இறுக்கினாள். "அப்ப வாப்பா?"

"வாப்பாவுக்கு என்ன?"

"வாப்பாவையும் வெளிநாடு எண்டுதானே சொல்றாங்க. நேத்து கோல் வரல்ல."

இது எனக்குத் தோன்றவே இல்லை. அங்கிருந்த பெரியவர்கள் ஒருவருக்குமே தோன்றவில்லை. அவளுடைய உம்மா படியிலிருந்து ஓடிவந்து, என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தபடி போனை அழுத்தினார். மணி அடித்தது. எடுக்கவில்லை. ஷிஃபா அழவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப அழுத்தினார். மஞ்சள் தலைக்கவசம் ஒன்று திரையில் தெரிந்தது.

"என்ன மகள், வேல நேரத்தில?"

"வாப்பா, நீங்க மௌத்தாகிட்டீங்களா?"

தலைக்கவசம் திரைக்கு நெருங்கி வந்தது. "இல்ல மகள். சோறு தின்றேன்."

"காட்டுங்க."

அவர் பார்சலைக் காட்டினார். அது போதவில்லை. கையையும் காட்டச் சொன்னாள். விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. அதை நெடுநேரம் பார்த்த பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள். அவளோடு மற்றப் பிள்ளைகளும் அழுதார்கள். அவர்கள் ரெஜினா அக்காவுக்காக அழுதார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அதன் பிறகு பெற்றோரின் வட்சப் குழுவில் வந்த செய்திகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. நல்ல பழக்கம் சொல்லித்தரச் சொன்னால் பிள்ளைகளைப் பயப்படுத்துகிறேன் என்றீர்கள். இருக்கலாம். ஆனால் ஷிஃபா தன் மேல்தான் பிழை என்று நினைத்து வளர்ந்திருப்பாளே, அதற்கு எந்தப் படப் புத்தகம் வைத்திருக்கிறீர்கள்? அக்காவிடமும் எனக்கு இதே எரிச்சல்தான். இப்படி ஒரு நாளில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்காமல் போய்விட்டார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஆறுதலோ அறிவுரையோ அல்ல. என்மேல் கோபமாக இருக்கும் பிள்ளைக்கும் வாசிக்கலாம் என்பது மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமை பாயில் பாதி இடம் வெறுமையாக இருந்தது. ஷிஃபா வந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து இருந்தாள். நான் வாசித்தேன். சில பக்கங்கள் போனதும் சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"படம் தெரியல்ல."

"திரும்பி இருந்தால் எப்படித் தெரியும்?"

நான் புத்தகத்தோடு எழுந்து, சுற்றிப் போய், அவளுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் ஒடுங்கி இருந்துகொண்டு மீதியை வாசித்தேன். மற்றப் பிள்ளைகள் முணுமுணுத்தபடி பாயைத் திருப்பிப் போட்டார்கள்.