தலையில் ஈர்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெரிய ஷாம்பு விளம்பரம் வைத்திருக்கிறார்கள். 'எல்லோரையும் ஈர்க்கும் கூந்தல்.' படித்ததும் அதில் 'ஈர்' மட்டும் கண்ணில் ஒட்டிக்கொண்டது.

தாராபுரத்தில் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஞாயிறுதோறும் அம்மா பேன் சீப்போடு உட்காருவாள். "ஆடாம உக்காரு அம்மணி" என்று சொல்லிக்கொண்டே, சிக்கிய ஈரை இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்குவாள். சொடக்கென்று கேட்கும். நகத்தில் ஒட்டிய பிசுபிசுப்பை என் பாவாடையிலேயே துடைப்பாள்.

ஒரு திங்கட்கிழமை தமிழ் டீச்சர் போர்டில் 'ஈர்' என்று எழுதி, இந்த வினைச்சொல்லை வைத்து வாக்கியம் சொல்லச் சொன்னார். பக்கத்தில் இருந்த சரசு எழுந்து முழித்தாள். நான் வேண்டுமென்றே காதில் ஓதினேன். அவள் அப்படியே சொன்னாள்.

"தலையில ஈர் இருக்குதுங்க டீச்சர்."

வகுப்பே சிரித்தது. டீச்சர் கை படாமல் ஸ்கேலால் அவள் முடியை விலக்கிப் பார்த்தார். இருந்தது. என் தலையிலிருந்து போன பேன் வைத்ததாகத்தான் இருக்கும்.

"ச்சீ, வாசப்படிகிட்ட போயி உக்காரு."

அடுத்து என் முறை. "காந்தம் இரும்பை ஈர்க்குமுங்க டீச்சர்" என்றேன். சபாஷ் கிடைத்தது. அப்போது காதுக்குப் பின்னால் பேன் ஒன்று ஊர்ந்தது. வாசப்படியிலிருந்து சரசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கவே இல்லை.

இன்று அந்த விளம்பரத்துக்குக் கீழே, இத்தனை பேர் பார்க்க, அதே இடத்தைச் சொறிந்துகொண்டு நிற்கிறேன்.