வளைவில் எடுத்த படம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குதிரை வண்டிப் பந்தயத்தில் படம் எடுக்கிறவனுக்கு அது ஆகாது. ஓட்டம் முடிகிற வரை குதிரையைப் பற்றி நல்லதும் சொல்லக் கூடாது, கெட்டதும் சொல்லக் கூடாது. நல்லது சொன்னால் கண் பட்டுவிடும், கெட்டது சொன்னால் பலித்துவிடும். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகு, பூட்டிய குதிரையை அவிழ்த்தால் சாமி குத்தம் என்பார்கள். தேனிப் பக்கம் எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் இதே பாட்டுத்தான்.

அன்றைக்கு ஓடைப்பட்டிப் பக்கம் பந்தயம். என் தங்கச்சி புருசன்தான் ஒரு வண்டிக்குச் சாரதி. பழம் நசுங்கி வண்டி கோட்டில் வந்து நின்றபோது சில படங்கள் எடுத்தேன். கேமராவிலேயே பெரிதாக்கிப் பார்த்தால், குதிரையின் முன்னங்காலில் லாடம் ஒரு பக்கம் விலகி, ஆணி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தார் ரோட்டில் அந்த வேகத்தில் லாடம் கழன்றால் குதிரை சறுக்கும். வண்டியில் இருக்கிறவன் பிழைப்பானா?

ஓடிப்போய்ச் சொன்னேன். "மாப்ள, லாடம் விட்டுருக்கு. குதிரைய அவுத்துரு."

அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "பழம் நசுக்கியாச்சு மச்சான். இப்பப் போயி அபசகுனமாப் பேசாதீக."

குதிரைக்குச் சொந்தக்காரர் என் கேமராவைக் கையால் மறைத்தார். "ஒங்க கண்ணே போதும்யா. அங்கன தள்ளி நில்லுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடிவாளத்தைப் பிடித்தேன். நாலு பேர் சேர்ந்து என்னை இழுத்து ஓரமாகத் தள்ளினார்கள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனேன்.

எல்லைக் கொடியைச் சுற்றித் திரும்பி வரும்போது, அந்த வளைவில் எல்லாச் சாரதிகளும் கேமராவைப் பார்ப்பார்கள். அடுத்த வருசம் பிளக்ஸில் போடுவதற்கு அந்தப் படம்தான் வேண்டும். திராட்சைத் தோட்டத்துக் கம்பி வேலியோரம் நின்றேன். காற்றே இல்லை. முதலில் வண்டிகளோடு கூடவே வருகிற பைக்குகளின் ஹாரன் கேட்டது, பிறகு குளம்புச் சத்தம். அதில் ஒரு காலின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. அவன் வண்டிதான் முன்னால் வந்தது. என்னைக் கண்டதும், 'பாத்தீகளா மச்சான்' என்பதுபோல் தலையை ஆட்டிச் சிரித்தான். என் விரல் தன்னால் அமுக்கியது. அடுத்த படத்தில் குதிரை சரிந்திருந்தது. அதற்கடுத்ததில் வண்டியில் ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டான், பாவி.

மறுநாள் காலையில் அஞ்சலி போஸ்டருக்குப் படம் கேட்டார்கள். தங்கச்சி என் கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கல்யாணப் படத்தில்கூட விறைப்பாக நிற்கிறவன் அவன். வளைவுப் படம் வந்ததும் அவள் கை நின்றது.

"இதையே போடுண்ணே. இதுலதான் மனசாரச் சிரிச்சிருக்காக." கொஞ்ச நேரம் பார்த்தாள். "யாரப் பாத்துண்ணே சிரிக்காக?"

"என்னையத்தான் ஆத்தா."

அவள் விரல் அடுத்த படத்துக்குப் போனது. கேமராவைப் பிடுங்கிக்கொண்டேன்.