ராணி கலர் வீடு

மயூர் விஹாரில் நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீட்டின் ஹால், நாலு சுவரும் ராணி கலர். தில்லிக்காரர்களுக்குச் சொன்னவுடனே புரியும். நம்மூரில் கல்யாணத்துக்குக் கிளம்புகிற அத்தைகள் ஆசையாகக் கட்டுவார்களே, அந்த அடர்ந்த ரோஸ். புடவையில் பார்த்தால் எனக்கும் பிடிக்கும். அதற்குள்ளேயே உட்கார்ந்து காபி குடிக்கச் சொன்னால்? முதல் நாள் பால் காய்ச்சும்போதே எனக்குத் தலை வலித்தது.

வீட்டுக்கார அம்மா பஞ்சாபிக்காரர், குர்கானில் இருக்கிறார். மகன் கல்யாணத்துக்காக ஆசை ஆசையாக அடித்த வண்ணமாம். பெயின்ட்டைத் தொடக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது என்று சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். எங்கள் செலவிலேயே வெள்ளை அடித்து, காலி செய்யும்போது திரும்ப இதே வண்ணத்தை அடித்துத் தருகிறோம் என்றுகூடக் கெஞ்சிப் பார்த்தேன். "நஹி, பேட்டா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே மறுக்கிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? எனக்கு வயிற்றெரிச்சல்தான் கூடியது.

என் தலைவலி கிடக்கட்டும். என் கவலையெல்லாம் மகளைப் பற்றி. பத்து வயது வரை ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அங்கே எல்லார் வீட்டுச் சுவரும் ஒரே வெளிர் மஞ்சள், எல்லார் வீட்டுக் கதவும் திறந்தே கிடக்கும். சாயங்காலமானால் இவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று தேடித்தான் பிடிக்க வேண்டும். என் கணவர் அரசு வேலையை விட்டுத் தனியார் கம்பெனிக்கு மாறியதும் அந்த வீடு போயிற்று, இவளுடைய சிநேகிதிகளும் போனார்கள். இங்கே பள்ளி விட்டு வந்தால் பால்கனியில் நின்றபடி கீழே விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். யாரையாவது வீட்டுக்குக் கூப்பிடேன்டி என்றால், "இந்தக் கலர் வீட்டுக்கா? எல்லாரும் மஸாக் பண்ணிச் சிரிப்பாங்கம்மா" என்பாள்.

நவராத்திரி வந்தது. பாவாடை கட்டிக்கொண்டு, குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய்க் கொலுவுக்கு அழைத்துவிட்டு வருவது வருஷா வருஷம் அவள் வேலை. இந்த முறை, "நான் போகமாட்டேன், நீயே போ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆள் வராவிட்டால் பொம்மைகள் ஒன்றும் வருத்தப்படப் போவதில்லை. ஆனால் ஒன்பது நாளும் ஒருத்தரும் எட்டிப் பார்க்காத வீடு என்று இவள் மனசில் பதிந்துவிட்டால் அப்புறம் எப்படி மாற்றுவது?

சுவரை மறைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆணிதானே அடிக்கக் கூடாது? ஜன்னல் கம்பியிலும் கதவுத் தாழ்ப்பாளிலும் முடிந்து ஹாலைச் சுற்றிக் கொடி கட்டினேன். தில்லிக்கு வந்ததிலிருந்து பெட்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்த என் கணவரின் வேட்டிகளை எடுத்து, ஊக்கு குத்தி வரிசையாகத் தொங்கவிட்டேன். கொலுப் படிக்கும் வழக்கம்போல் வெள்ளை வேட்டி. வருகிறவர்கள் உட்காரத் தரையில் வெள்ளை விரிப்பு. முடித்துவிட்டுப் பார்த்தால், ஆஹா, என்ன குளிர்ச்சி! பொம்மைகளை மறுநாள் காலையில் அடுக்கிக்கொள்ளலாம் என்று ஊதுபத்தியை மட்டும் ஏற்றி வைத்து, புகை போவதற்காக வாசற்கதவைத் திறந்து வைத்தேன்.

என் கணவர் பழனிக்குப் போய்விட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தார். புது வேலை கிடைத்தால் மொட்டை போடுவதாக வேண்டுதல். அந்த மொட்டைத் தலையோடு கீழே போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்தார்.

கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டு ஆன்டி எங்கள் வாசலில் வந்து நின்றார். அதுவரை லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. இப்போது துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, கைகூப்பியபடி உள்ளே வந்தார். பின்னாலேயே மேல்மாடிப் பெண்கள் இரண்டு பேர், அதே மாதிரி. ஒரு வார்த்தை பேசாமல் வெள்ளை விரிப்பில் உட்கார்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூப்பிடாமலே கொலுவுக்கு வந்துவிட்டார்களே, அதுவும் ஒரு நாள் முன்னதாக! வாயெல்லாம் பல்லாக, "ஆயியே, ஆயியே" என்று வரவேற்று ஓடிப்போய்க் குங்குமத்தை நீட்டினேன். மூவரும் பேந்தப் பேந்த விழித்தார்கள். ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, தைரியமாக இரு என்று இந்தியில் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு வெள்ளை வேட்டி போர்த்திய காலிப் படியைப் பார்த்து, போட்டோ இன்னும் வைக்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டார்.

அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த என் மகளுக்குத்தான் முதலில் விளங்கியது. "அய்யோ அம்மா, நம்ம வீட்ல யாரோ செத்துட்டாங்கன்னு நெனைச்சு வந்திருக்காங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே துக்கம் கேட்க வருகிறவர்களுக்குத்தான் இப்படி வெள்ளை விரிப்பார்களாம். மொட்டை என்றால் இங்கே வேண்டுதல் யாருக்கும் நினைவுக்கு வராதாம், அப்பாவோ அம்மாவோ போய்விட்டார் என்றுதான் நினைப்பார்களாம். குவார்ட்டர்ஸில் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் நம்மவர்களே, எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பாவி, என் கையாலேயே வீட்டை இழவு வீடாக்கி வைத்திருக்கிறேன்!

"தாதி பில்குல் டீக் ஹை, ஆன்டி!" அப்பாவைப் பெற்ற பாட்டி நன்றாகத்தான் இருக்கிறார் என்று கத்திவிட்டு, என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்கு வெட்கம் போய் சந்தோஷம் வந்துவிட்டது. ஆன்டிக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அப்புறம் அவரும் சிரிக்க, மற்ற இருவரும் சிரிக்க, சத்தம் கேட்டு மொட்டைத் தலையோடு வந்து நின்ற என் கணவரைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் கூடியது.

"என்னம்மா ஆச்சு?" என்றார், பாவம்.

"ஒண்ணுமில்லீங்க. உங்கம்மாவுக்கு ஆயுசு நூறு" என்றேன்.

சிரித்து ஓய்ந்ததும் ஆன்டி ஒரு வேட்டியின் முனையைத் தூக்கிப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். அரே, இவ்வளவு நல்ல கலரை யாராவது மறைப்பார்களா, பண்டிகை வீட்டுக்கு இதுதானே வேண்டும், முதலில் இதையெல்லாம் கழற்று என்று அதட்டினார். என் வீட்டில் வந்து எனக்கே அதிகாரமா என்று ஒரு கணம் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் என் மகள் நாற்காலி போட்டு ஏறி ஊக்குகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் பொம்மைகளை அடுக்கி விளக்கைப் போட்டோம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, செட்டியார் பொம்மையும் பச்சை மயிலும் அந்தச் சுவருக்கு முன்னால் ஜொலித்தார்கள். இத்தனை வருஷம் வெளிர் மஞ்சள் சுவருக்கு முன்னால் சோகை பிடித்தவர்கள் மாதிரி நின்றிருக்கிறார்கள். அதற்காக எனக்கு அந்த வண்ணத்தோடு முழுச் சமாதானம் வந்துவிடவில்லை. காபியை இன்றைக்கும் பால்கனியில்தான் குடிக்கிறேன்.

அன்று சாயங்காலம் என் மகள் தானாகவே பாவாடை கட்டிக்கொண்டாள், குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டாள், கிளம்பினாள். நான் மாடிப்படி ஓரமாக நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கீழ் வீட்டு வாசலில் சரளமான இந்தியில் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை ஆன்டி, கொலு வைத்திருக்கிறோம், உங்கள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

எந்த வீடு என்று அந்த அம்மா கேட்டார்.

மேலேதான், கதவு திறந்தே இருக்கும் என்றாள் என் மகள். "ராணி கலர் வீடு!"